பால் கணக்கு

குஜராத்தில் நடியாத் அருகே ஒரு கிராமம். 2022 ஆகஸ்டில் ஒரு மாலை. இரண்டு எருமைகளைக் கறந்து, பாலைச் சங்கத்தில் ஊற்றிவிட்டு வந்த 61 வயது அம்மா, வாசல் கட்டிலில் உட்கார்ந்து செல்போனைத் திறக்கிறார். பத்து நாள் பால் பணம் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். திரையில் முதலில் பெயர் வருகிறது. கொஞ்ச நேரம் கழித்து 4,200 ரூபாய். அம்மாவின் முகம் மலர்கிறது. அடுத்த மூச்சுக்குள் அது 2,900 ஆகிறது. இன்னும் சற்றுப் பொறுத்தால் 2,300.

"பார்த்தாயா பேட்டா, கையில் கொடுத்துவிட்டுப் பிடுங்குகிறது" என்றார், பக்கத்தில் இருந்த மகளிடம்.

மகளுக்குச் சுருக்கென்றது. அந்த ஆப்பை எழுதியவர்களில் அவரும் ஒருவர்.

அவருக்கு வயது 34. அகமதாபாத்தில் ஒரு சிறிய சாஃப்ட்வேர் நிறுவனத்தில் வேலை. அவரை எம்.சி.ஏ. வரை படிக்க வைத்தது அப்பாவின் அரை ஏக்கர் புகையிலை அல்ல, அம்மாவின் எருமைகள். காலேஜ் ஃபீஸ் கட்ட வேண்டிய மாதங்களில் வீட்டில் மோர்கூட இருக்காது. ஒரு சொட்டு விடாமல் சங்கத்துக்குப் போய்விடும். அதனால்தான் ஒரு மாவட்டப் பால் கூட்டுறவு ஒன்றியம் உறுப்பினர்களுக்காக ஓர் ஆப் கேட்டு வந்தபோது, அந்த வேலையைத் தனக்குத் தரும்படி அவரே போய்க் கேட்டார்.

கேடா மாவட்டத்தில் பால் சங்கம் என்பது வெறும் விற்பனை நிலையம் அல்ல. பம்பாய்க்குப் போகும் பாலுக்கு இடைத்தரகர்கள் வைத்ததே விலை என்றிருந்த காலத்தில், பாலை ஊற்ற மாட்டோம் என்று விவசாயிகள் மறுத்து நின்று, 1946ல் உருவாக்கிய கூட்டுறவு அது. அளவில் ஏமாற்றக் கூடாது, கொழுப்பில் ஏமாற்றக் கூடாது, கணக்கில் ஏமாற்றக் கூடாது. இந்த மூன்று எதிர்பார்ப்புகள்தான் காலையும் மாலையும் அந்த வரிசையில் பெண்களைக் கொண்டுவந்து நிறுத்துகின்றன. பாலை எடை போட்டதும் மெஷின் கொழுப்பைச் சொல்லும். ரூபாயும் பைசாவுமாகத் துண்டுச் சீட்டு வரும். சங்கத்தின் செயலாளரை அங்கே 'மந்திரி' என்கிறார்கள். மாநிலத்தை ஆள்கிற மந்திரிகளைவிட இந்த மந்திரியின் மேல்தான் கிராமத்தின் கண் இருக்கும்.

முன்பெல்லாம் மந்திரியிடம் தடித்த ரெஜிஸ்டர் ஒன்று இருந்தது. ஓர் உறுப்பினருக்கு ஒரு பக்கம். மேலே பெயர், கீழே பத்து நாள் பால், ஓரத்தில் தீவனக் கடன், அடியில் எருமைக் கடனின் தவணை. பக்கத்தைத் திறந்தால் எல்லாம் ஒரே பார்வையில் தெரியும். படிக்கத் தெரியாத அம்மாக்களுக்கும் எந்த ஓரத்தில் எது இருக்கிறது என்பது மனப்பாடம். பணத்தை அங்கேயே எண்ணிக் கையில் கொடுத்துவிடுவார்கள். 2016 நவம்பரில் 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாமல் போன பிறகு இந்தச் சங்கத்தில் பால் பணம் வங்கிக் கணக்குக்குப் போக ஆரம்பித்தது. எண்ணிப் பார்க்கக் கையில் எதுவும் இல்லை. வங்கியோ ஊரிலிருந்து பஸ் ஏறிப் போக வேண்டிய தூரம். கடைசியில் செல்போன் திரை ஒன்றுதான் சாட்சி என்றாயிற்று. அந்தச் சாட்சிதான் இப்போது நொடிக்கொரு தொகை சொல்லிக்கொண்டிருந்தது.

காரணம் மகளுக்குத் தெரியும். மந்திரி ஒரே பக்கத்தில் எழுதிய கணக்கை கம்ப்யூட்டர் ஐந்து இடங்களில் வைத்திருந்தது. உறுப்பினர் பட்டியல் ஒரு டேபிள். வேளைக்கு வேளை ஊற்றிய பால் இன்னொரு டேபிள். தீவனம் ஒன்று, கடன் ஒன்று, கால்நடை மருத்துவர் வந்து போன விவரம் ஒன்று. ஆப் முதலில் உறுப்பினரைக் கேட்கும். பதில் வந்ததும் பாலைக் கேட்கும். அப்புறம் தீவனம், கடன், மருத்துவர். ஒவ்வொன்றும் கிராமத்து டவரிலிருந்து அகமதாபாத் சர்வர் வரை போய்த் திரும்ப வேண்டும். உப்பு வாங்க ஒரு தடவை, மிளகாய் வாங்க ஒரு தடவை என்று ஐந்து நடை கடைக்கு ஓடுகிற வீட்டுக்காரரின் கதைதான். நகரத்தில் ஐந்து நடையும் கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். ஒரு கோடு சிக்னலில் ஒவ்வொரு நடையும் கண்ணுக்குத் தெரியும். பால் வந்த நொடியில் 4,200. தீவனம் 1,300 கழிந்ததும் 2,900. கடன் தவணை 600 போனதும் 2,300. ஒவ்வொரு தொகையும் அந்தந்த நொடியில் சரிதான். ஆனால் அம்மாவின் கண்ணுக்கு அது களவு.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஐந்து தடவை கேட்டால் ஐந்து வெவ்வேறு நொடிகளின் நிலவரம் வருகிறது. இரண்டாவது கேள்விக்கும் மூன்றாவது கேள்விக்கும் நடுவே மந்திரி புதிதாக ஒரு தீவனக் கணக்கை ஏற்றிவிட்டால், எந்த நேரத்துக்கும் பொருந்தாத ஒரு கலவை திரையில் நிற்கும். எல்லாவற்றையும் ஒரே குவெரியில் கேட்டால் டேட்டாபேஸ் ஒரே கணத்தின் நிலவரத்தைத் தரும்.

கணக்கை இப்படிப் பிரித்து வைப்பது கம்ப்யூட்டர்காரர்களின் கிறுக்குத்தனம் அல்ல. இதற்கு ஒரு மூலபுருஷர் இருக்கிறார். எட்கர் காட், 1923ல் இங்கிலாந்தின் போர்ட்லாண்டில் பிறந்தவர், இரண்டாம் உலகப் போரில் விமானம் ஓட்டியவர், பிறகு கணிதம் படித்துவிட்டு ஐ.பி.எம். நிறுவனத்துக்குப் போனவர். கலிபோர்னியாவில் சான் ஹோசே ஆய்வுக்கூடத்திலிருந்து 1970 ஜூனில் அவர் வெளியிட்ட ஒரு கட்டுரைதான் இன்றைய டேட்டாபேஸ்களுக்கு வித்து. தகவல்களை எளிய அட்டவணைகளாகப் பிரித்து வையுங்கள். ஒரு உண்மை ஒரே இடத்தில் இருக்கட்டும். சேர்த்துப் பார்க்க வேண்டியபோது பொதுவான எண்ணைக் கொண்டு சேர்த்துக்கொள்ளுங்கள் என்பது அதன் சாரம். அம்மாவின் பெயர் மாறினால் ஓரிடத்தில் மாற்றினால் போதும், ஆயிரம் பால் சீட்டுகளைத் தேடித் திருத்த வேண்டாம். 1974ல் அதே ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த டொனால்ட் சேம்பர்லினும் ரேமண்ட் பாய்ஸும் இப்படிக் கேள்வி கேட்பதற்கென்று ஒரு மொழியை அமைத்தார்கள். சீக்வெல் என்ற அதன் பெயர் வேறொரு நிறுவனத்தின் வணிகப் பெயராக இருந்ததால் எஸ்.க்யூ.எல். என்று சுருங்கியது. காட்டுக்கு 1981ல் டூரிங் விருது கிடைத்தது; 2003ல் காலமானார். கேடா மாவட்டத்தில் பிறந்த கூட்டுறவு முறையை நாடெங்கும் பரப்ப வந்த 'ஆபரேஷன் ஃபிளட்' தொடங்கிய ஆண்டும் 1970தான். இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. இருந்தாலும் அரை நூற்றாண்டு கழித்து ஒரு பெண்ணின் மேஜை மேல் இரண்டும் வந்து சந்தித்தன.

திங்கட்கிழமை ஆபீசுக்குப் போனதும் மகள் உட்கார்ந்தார். நான்கு டேபிள்களை உறுப்பினர் எண்ணைக் கொண்டு இணைத்து ஒரே குவெரி எழுதினார். சோதித்துப் பார்க்க அவருக்குத் தெரிந்த ஒரே உறுப்பினர் எண்ணைக் கொடுத்தார். வீட்டு எண் அது. சின்ன வயதிலிருந்து மனப்பாடம். விடை வந்தது: பால் பணம் 12,600, தீவனம் 26,000, கடன் தவணை 36,000. அம்மா 49,400 ரூபாய் பாக்கி.

அறை முழுக்கச் சிரிப்பு. அவரும்தான் சிரித்தார். ஆனால் இந்தக் கணக்கு தற்செயலாகத் தப்பவில்லை என்பது பேப்பரை எடுத்துப் போட்டுப் பார்த்ததும் புரிந்தது. பத்து நாளில் பால் ஊற்றியது 20 வேளை. தீவனம் வாங்கியது மூன்று தடவை. இரண்டு டேபிள்களையும் உறுப்பினர் எண்ணை மட்டும் வைத்து இணைத்தால், ஒவ்வொரு பால் வரியும் ஒவ்வொரு தீவன வரியோடும் கைகோக்கும். 20 வரியும் 3 வரியும் சேர்ந்து 23 ஆவதில்லை, 60 ஆகிறது. பால் பணம் மும்மடங்கு. தீவனம் இருபது மடங்கு. கடன் தவணையோ ஒரே ஒரு வரிதான், பாவம், அது அறுபது தடவை கழிக்கப்பட்டது. குவெரியில் எழுத்துப் பிழை இல்லை. டேட்டாபேஸ் கேட்டதைச் செவ்வனே கொடுத்திருந்தது.

பக்கத்து மேஜை இளைஞன் உடனே ஒரு வைத்தியம் சொன்னான். "தீதி, கூட்டும்போது ஒரே தொகையை ஒரு தடவைதான் கூட்ட வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். சரியாகிவிடும்."

செய்தார். பார்வைக்கு எல்லாம் அழகாகவே இருந்தது. மைனஸ் இல்லை, ஐம்பதாயிரம் இல்லை. ஆனால் தீவனம் 900 ரூபாய் என்று வந்தது. அம்மா தீவனத்தை மூட்டையாக வாங்குவதில்லை, காசு இருக்கிற அளவுக்கு வாங்குவார். அந்தப் பத்து நாளில் 400, 400, 500 என்று மூன்று தடவை. ஒரே தொகை இரண்டு தடவை வந்ததால் ஒரு 400 கரைந்துபோயிற்று. பால் ஊற்றிய இரு வேளைகளுக்கு ஒரே தொகை வந்திருந்தால் அதிலும் ஒன்று போய்விடும். 49,400 பாக்கி என்றால் யாராவது கத்துவார்கள். 400 கூடுதலாகக் காட்டினால் யார் கத்துவார்? வங்கிக்குப் போய்ப் பார்க்கும்போது குறையும். அப்போது பழி மந்திரியின் தலையில் விழும். கிராமத்தில் அந்தப் பழி எத்தனை வருஷம் நிற்கும் என்று அந்த இளைஞனுக்குத் தெரியாது. மகளுக்குத் தெரியும். தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர் மேல் 1998ல் கொழுப்பு அளவு பற்றிக் கிளம்பிய ஒரு சந்தேகம், அவர் மகளின் கல்யாணப் பேச்சு வரை தொடர்ந்து வந்ததை அவர் பார்த்திருக்கிறார்.

சரியான வழி நீண்டது, ஆனால் எளிது. முதலில் பாலைத் தனியாகக் கூட்டி உறுப்பினருக்கு ஒரு வரி ஆக்க வேண்டும். தீவனத்தையும் அப்படியே. கடனையும் அப்படியே. அதற்குப் பிறகுதான் இணைக்க வேண்டும். ஒன்றுக்கு ஒன்று, ஒன்றுக்கு ஒன்று. இப்போது விடை 4,200, 1,300, 600, மீதி 2,300. ஒரே குவெரி, ஒரே பதில். மந்திரியின் பழைய பக்கம் போலவே ஒரு கட்டுக்குள் எல்லாம் வந்து சேர்ந்தது.

செப்டம்பரில் அந்த ஒரு கிராமத்தில் மட்டும் புதிய ஆப்பைக் கொடுத்துப் பார்த்தார்கள். மகள் சொந்தச் செலவில் லீவு போட்டு ஊருக்குப் போனார். மாலைக் கறவை முடிந்து பெண்கள் வரிசையில் நிற்கிறார்கள். ஒவ்வொருவர் போனிலும் திரை ஒரே தடவையில் நிறைகிறது. அம்மா சுற்றி நின்றவர்களிடம் கையை ஆட்டிப் பேசிக்கொண்டிருக்கிறார். மகள் எழுதியது என்று சொல்லவில்லை. அப்படிச் சொல்கிற பழக்கம் அவருக்கு இல்லை. ஆனால் எல்லோருக்கும் தெரியும்.

அப்போதுதான் காகி வந்தார். பக்கத்து வீட்டு விதவை; சித்தி முறை வைத்து மகள் அவரைக் காகி என்றுதான் கூப்பிடுவார். ஒரே எருமை. அது சினையாகி வற்றிப்போய் ஒரு மாதம். ஊற்றப் பால் இல்லை, ஆனாலும் சங்கத்தில் கூட்டம் என்றால் வராமல் இருக்க மாட்டார். பேரன் வாங்கிக் கொடுத்த போனை நீட்டி, "எனக்கும் பார்த்துச் சொல்லு" என்றார்.

எண்ணைப் போட்டதும் திரையில் ஒரே ஒரு வரி: இந்த எண்ணில் உறுப்பினர் இல்லை.

காகிக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் படித்துச் சொல்ல ஆள் இருந்தது. யாரோ உரக்கப் படித்தார்கள். வரிசை ஒரு கணம் அமைதியானது. அந்தக் கிராமத்தில் ஒருத்தி சங்கத்தில் உறுப்பினர் இல்லை என்றால், அவளுக்குத் தீவனம் கடனாகக் கிடைக்காது, மாட்டு டாக்டர் வர மாட்டார், வருஷக் கடைசியில் பங்கிடும் போனஸ் கிடையாது. காகி ஒன்றும் சொல்லாமல் போனை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார். "என் வீட்டுக்காரர் கட்டிய பங்குப் பணம் அது" என்று மட்டும் சொன்னார். யாரைப் பார்த்துச் சொன்னார் என்று தெரியவில்லை.

தவறு ஒரே சொல்லில் இருந்தது. டேபிள்களை இணைப்பதற்கு எஸ்.க்யூ.எல்.லில் ஒன்றுக்கு மேற்பட்ட வழிகள் உண்டு. சாதாரணமாக 'ஜாயின்' என்று எழுதினால் இரண்டு பக்கமும் இருப்பவர்கள் மட்டுமே வருவார்கள். ஒரு பக்கம் இருந்து மறுபக்கம் இல்லாதவர்கள் சத்தமில்லாமல் விழுந்துவிடுவார்கள். எச்சரிக்கை வராது, பிழைச் செய்தி வராது. காகி உறுப்பினர் டேபிளில் இருந்தார். பால் டேபிளில் அந்தப் பத்து நாளில் அவர் பெயரில் ஒரு வரிகூட இல்லை. கடன் டேபிளிலும் இல்லை. ஆகவே அவரே இல்லை. 'லெஃப்ட் ஜாயின்' என்று எழுதியிருந்தால், இடது பக்க டேபிளில் இருக்கும் எல்லோரும் வருவார்கள். வலது பக்கத்தில் அவர்களுக்கு ஒன்றும் இல்லையென்றால் அந்தக் கட்டம் மட்டும் காலியாக நிற்கும். ஒரு சொல் வித்தியாசம். அம்மாவின் எண்ணை வைத்துச் சோதித்ததால் அது பிடிபடவில்லை. அம்மாவிடம் பால் இருந்தது, தீவனம் இருந்தது, கடனும் இருந்தது.

இரவு மகள் தூங்கவில்லை. அந்தக் குவெரி மாவட்டம் முழுக்கப் போயிருந்தால் யார் யாரெல்லாம் விழுந்திருப்பார்கள் என்று கணக்குப் போட்டுப் பார்த்தார். எருமை வற்றியவர்கள். எருமை செத்துப்போய் அடுத்தது வாங்க முடியாதவர்கள். கடனில் தீவனம் வாங்காமல் வாய்க்கால் கரையில் புல் அறுத்துப் போடுகிற, நிலம் இல்லாத வீடுகள். கடன் கேட்டால் கிடைக்காது என்று தெரிந்து கேட்காமலே இருந்துவிட்டவர்கள். இருப்பவர்கள் எல்லோரும் ஒழுங்காக வந்திருப்பார்கள்.

மறுநாள் திருத்தியபோது இன்னொரு வேடிக்கை. காகியின் பெயர் வந்தது. தீவன பாக்கி 800 என்று சரியாக வந்தது. ஆனால் 'மீதி' என்ற கட்டம் வெறுமையாக நின்றது. இல்லாத தகவலுக்கு டேட்டாபேஸில் ஒரு குறி உண்டு; அதன் பெயர் 'நல்'. தமிழில் எழுதினால் ஏதோ நல்லது போலத் தெரிகிறது. ஆனால் அது தொட்டதையெல்லாம் வெறுமையாக்கும். பூஜ்யத்திலிருந்து 800 கழித்தால் மைனஸ் 800. 'நல்' என்பதிலிருந்து 800 கழித்தால் 'நல்'தான். தெரியாத ஒன்றிலிருந்து எதைக் கழித்தாலும் விடை தெரியாது என்பது தர்க்கம். தர்க்கத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் காகி பால் ஊற்றாதது தெரியாத விஷயமா என்ன? ஊருக்கே தெரியும்.

அம்மாவிடம் இதைச் சொல்ல முயன்றார் மகள். அம்மா கறவைப் பாத்திரத்தைத் துலக்கிக்கொண்டே கேட்டார். "மந்திரி நோட்டில் இரண்டும் வேறு வேறுதானே பேட்டா. நான் பால் கொண்டுபோகாத நாளுக்குக் கோடு போடுவார். கொண்டுபோய், கெட்டுவிட்டது என்று திருப்பி அனுப்பினால் பூஜ்யம் போடுவார். கூட்டும்போது இரண்டுக்கும் காசு இல்லை. ஆனால் கோடு போட்ட நாளைப் பார்த்தால், எனக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்பார்."

மகள் அதை அப்படியே எடுத்துக்கொண்டார். கூட்டும் இடத்தில் மட்டும் 'நல்'லைப் பூஜ்யமாக மாற்றச் சொன்னார். அன்றாடப் பட்டியலில் மாற்றவில்லை. பால் வராத வேளைகளில் திரை கோடு காட்டியது.

இதே சமயத்தில் மந்திரிகளுக்கான பக்கம் வேறு ரூபத்தில் தலைவலி தந்தது. ஒரு சங்கத்தில் 340 உறுப்பினர்கள். அந்தப் பக்கத்தை எழுதியவர் முதலில் உறுப்பினர் பட்டியலை ஒரு குவெரியில் எடுத்தார். பிறகு ஒவ்வொருவருக்கும் பால், தீவனம், கடன் என்று மூன்று குவெரி. மொத்தம் 1,021. ஆபீசில் பத்து பேரை வைத்துச் சோதித்தபோது பளிச்சென்று வந்தது. பத்து நாள் கணக்கு முடிக்கும் இரவில் எல்லாச் சங்கங்களும் ஒரே நேரத்தில் திறந்ததும் சர்வர் படுத்துவிட்டது. இந்த நோய்க்கு உலகெங்கும் ஒரே பெயர்: 'என் பிளஸ் ஒன்'. பட்டியலுக்கு ஒரு குவெரி, பட்டியலில் உள்ள தலைக்கு ஒவ்வொரு குவெரி. புரோகிராமில் பார்த்தால் மூன்றே வரிதான். அந்த மூன்று வரிக்குள் ஆயிரம் நடை ஒளிந்திருக்கும். 340 எண்களையும் மொத்தமாகக் கொடுத்து, இவர்கள் எல்லோருடைய பாலும் கொடு, எல்லோருடைய தீவனமும் கொடு என்று கேட்டதும் 1,021 நான்கானது. அதை ஒன்றாக்கியே தீர வேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடிக்கவில்லை. நான்கு நடையும் ஒரே கட்டடத்துக்குள் நடப்பவை. கிராமத்து டவரைத் தாண்ட வேண்டிய நடை ஒன்றுதான்.

இளைஞன் இன்னொரு யோசனையும் வைத்திருந்தான். ஃபேஸ்புக் நிறுவனம் 2012ல் தன் தேவைக்கு உருவாக்கி 2015ல் எல்லோருக்கும் திறந்துவிட்ட கிராஃப்-க்யூ-எல். எந்தெந்தத் தகவல் வேண்டும் என்று போனே ஒரு சீட்டில் எழுதி அனுப்பலாம். அத்தனையும் ஒரே பொட்டலமாக வரும். மகளுக்கு அதில் ஆசை வந்தது உண்மை. ஆனால் போனிலிருந்து ஒரு சீட்டுப் போவதால் மட்டும் சர்வருக்குப் பின்னால் நடக்கும் ஓட்டம் குறைந்துவிடாது. கவனமாக எழுதாவிட்டால் அங்கேயும் அதே 1,021 நடைதான். இதற்கும் மொத்தமாகக் கேட்கிற ஏற்பாட்டைத் தனியாகச் செய்ய வேண்டும். இந்த ஆப்புக்குத் திரையே மூன்றுதான். ஒவ்வொரு திரைக்கும் அளவெடுத்துத் தைத்த ஒரு ஏ.பி.ஐ. போதும் என்று விட்டுவிட்டார். இளைஞனுக்கு இதில் இன்னமும் வருத்தம்.

மாட்டு டாக்டர் கணக்கை மட்டும் அவர் சேர்க்கவே இல்லை. அது வேறொரு சர்வரில், வேறொரு நிறுவனம் வைத்திருந்த டேட்டாபேஸில் இருந்தது. ஜாயின் அங்கே எட்டாது. இழுத்துச் சேர்க்க வழி இருந்தது. ஆனால் அந்த சர்வர் அடிக்கடி மூச்சு வாங்கும். அது விழுகிற அன்று பால் கணக்கும் சேர்ந்து விழ வேண்டும். ஒரே பதில் என்பதற்காக நல்ல காலையும் நொண்டிக் காலோடு கட்டிவைக்க அவர் விரும்பவில்லை. மீதித் தொகையில் டாக்டர் செலவு வராது, தனிப் பக்கத்தில் இருக்கும், பத்து நாள் கணக்கு முடியும்போது தீவனம்போலவே சங்கம் அதை எழுதிக்கொள்ளும் என்று ஏற்பாடு. மந்திரிகள் ஒப்புக்கொண்டார்கள். ரெஜிஸ்டர் காலத்திலும் டாக்டர் சீட்டு தனியாகத்தான் வருமாம்.

சோதனை முறையும் மாறியது. அம்மாவின் எண்ணோடு காகியின் எண்ணும் சேர்ந்தது. பால் இல்லாதவர், கடன் இல்லாதவர், தீவனம் இல்லாதவர், எதுவுமே இல்லாமல் பெயர் மட்டும் உள்ளவர் என்று ஒரு பட்டியல் போட்டார்கள். ஒவ்வொரு தடவை குவெரியைத் தொட்டாலும் பட்டியல் முழுவதையும் ஓட்டிப் பார்க்க வேண்டும். உறுப்பினர் டேபிளில் எத்தனை தலையோ அத்தனையும் விடையில் வருகிறதா என்பது முதல் சோதனை. அதில் ஒன்று குறைந்தாலும் மேலே போகக் கூடாது.

2022 தீபாவளிக்கு முந்தைய வாரம் மறுபடி ஊருக்குப் போனார். காகியைத் தேடி அவர் வீட்டுக்கே போய்ப் போனைத் திறந்தார். பெயர், பால் நெடுகிலும் கோடுகள், தீவனம் 800, மீதி மைனஸ் 800.

"பாக்கிதானே காட்டுகிறது" என்றார் காகி.

"ஆமாம் காகி. 800 பாக்கி."

"இருக்கட்டும். பேர் இருக்கிறதல்லவா. எருமை அடுத்த மாதம் ஈனும்."

வீட்டுக்கு வந்ததும் அம்மா தன் போனை நீட்டினார். திரை ஒரே மூச்சில் நிறைந்தது. தீபாவளிக்கு முன்பு தீவனம் கொஞ்சமாகத்தான் வாங்கியிருந்தார்; மீதி 3,150. அம்மா அந்தத் தொகையைப் பார்க்கவில்லை. விரல் நகத்தால் திரையின் மேல் ஓரத்தைத் தட்டினார்.

"இது யார் பேர் பேட்டா?"

மகள் பார்த்தார். அப்பாவின் பெயர். அவர் போய் ஆறு வருஷமாகிறது. அதற்கு முன்பும் சங்கத்துக்குப் பால் குடத்தை அவர் ஒரு நாளும் சுமந்ததில்லை. உறுப்பினராகச் சேர்ந்தபோது வீட்டு ஆண் பெயரைக் கொடுத்ததோடு சரி. மூன்று மாதமாக இந்த எண்ணை நூறு தடவையாவது போட்டிருப்பார் மகள். ஒவ்வொரு தடவையும் தொகையைத்தான் பார்த்தார். பெயர் சரியான இடத்தில் வருகிறதா என்று பார்த்தாரே தவிர, யார் பெயர் என்று பார்க்கவில்லை.

ஆபீசில் உட்கார்ந்து ஒரு வரி எழுதினால் மாறிவிடும். காட் சொன்னபடி பெயர் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. ஆனால் அந்த வரியை எழுத அவருக்கு உரிமை கிடையாது. இறப்புச் சான்றிதழ் வேண்டும், வாரிசுக் கடிதம் வேண்டும், சங்கக் கமிட்டி கூடித் தீர்மானம் போட வேண்டும்.

"எனக்குத் தெரியும்" என்றார் அம்மா. "மந்திரி அப்போதே சொன்னார். நான்தான் போகட்டும் என்று விட்டுவிட்டேன். நோட்டில் என் பக்கம் எது என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். இதில் எல்லோரும் பார்க்கிறார்கள்."

மறுநாள் காலை கறவை முடிந்து இருவரும் சேர்ந்தே போனார்கள். பாலை ஊற்றிச் சீட்டை வாங்கி முடிந்துகொண்டபின் அம்மா வரிசையை விட்டு நகரவில்லை. மந்திரி நிமிர்ந்து பார்த்தார்.

"படிவம் ஒன்று கொடுங்கள் பாய்" என்றார் அம்மா. "பேனாவும்."